கோட்டையாரின் வேர்க்குரு

உலக வரலாற்றில் இன்று வரை எந்த நோயும் ஆற்றின் இந்தக் கரையில் பிறந்ததில்லை. எல்லா நோய்களும் அக்கரையில் பிறந்து, அங்கேயே தவழ்ந்து, நடை பழகி, கொஞ்சம் தெம்பு வந்ததும் பாலம் ஏறி இக்கரைக்கு வருகின்றன. இக்கரையின் எல்லைச் சுகாதார அதிகாரி இதை இரு நாட்டு அதிகாரிகளும் கூடியிருந்த கூட்டத்தில், மேடையேறி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டு, சிரிக்காமல் அறிவித்தார். 'தொற்றுநோய்களை முன்கூட்டியே கண்டறிவதில் இரு நாட்டு ஒத்துழைப்பு' என்று அவர் தலைக்கு மேல் துணியில் பெரிதாக எழுதியிருந்தது. எல்லாப் பேச்சாளர்களையும் போல அவரும் அதற்கு முதுகைக் காட்டி நின்றுதான் பேசினார்.

"நம்ம பக்கம் ஒரு கோட்டை," என்று முடித்தார். "கோட்டைக்குள்ள காய்ச்சல் தானா வராது. வந்தா, எவனோ கதவைத் திறந்து விட்டிருக்கான்னு அர்த்தம்."

அன்றிலிருந்து அவருக்குக் கோட்டையார் என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதரைக் கேலி செய்வது சுவரில் தலையை முட்டிக்கொள்வது மாதிரி. சுவருக்கு ஒன்றும் ஆவதில்லை.

முன்வரிசையில் அக்கரையின் சுகாதார அதிகாரி உட்கார்ந்திருந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்தார்.

"ஒரு சின்ன சந்தேகம், மச்சான். கொசுவுக்கு எந்தப் பக்கம் பாஸ்போர்ட் குடுக்கறாங்க?"

சபையே சிரித்தது. இரு நாட்டு ஒத்துழைப்பு அன்று நடந்தது அந்தச் சிரிப்பில் மட்டும்தான்.

மச்சான் என்று அழைத்தது சும்மா வாய்வார்த்தைக்கு இல்லை. கோட்டையாரின் தங்கையைக் கட்டியவர் அவர். தங்கை கல்யாணத்தில் தொடங்கியது பகை. பந்தி முடிந்த சில மணி நேரத்தில் இரு வீட்டு விருந்தாளிகளுக்கும் வயிற்றால் போனது. மாப்பிள்ளையே மணமேடையிலிருந்து அடிக்கடி எழுந்து போய், வாழ்த்துச் சொல்ல வந்தவர்களைக் காலி நாற்காலியைப் பார்த்து வாழ்த்த வைத்தார். கோட்டையார் அப்போது மருத்துவக் கல்லூரி மாணவர். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த ஐஸ்கட்டிதான் காரணம் என்று அங்கேயே கண்டுபிடித்தார். மாப்பிள்ளையும் மருத்துவக் கல்லூரி மாணவர். பெண் வீட்டார் கொடுத்த தண்ணீர்தான் காரணம் என்று கழிவறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னார். அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. இடையில் இருவருக்கும் தலை நரைத்து, இருவருக்கும் உத்தியோகம் உயர்ந்து, ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் ஒரே நாற்காலி கிடைத்தது.

பிறகு பெரிய காய்ச்சல் ஒன்று இரண்டு நாடுகளையும் உலுக்கிவிட்டுப் போனது. அரசாங்கங்களுக்குப் புத்தி வந்தது. தினமும் மதியம் எல்லை அலுவலகங்கள் இரண்டும் ஃபோனில் பேசிக்கொள்ள வேண்டும், தங்கள் பக்கம் என்ன காய்ச்சல், என்ன இருமல் என்று உடனுக்குடன் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கென்று இரு பக்கமும் ஒரு சிவப்பு ஃபோன் வைத்தார்கள். பேசுவது பதிவாகும். மற்ற எல்லைகளில் இதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இங்கே இரு கரைக்கும் ஒரே மொழி. ஒரு வசைகூட வழியில் சேதமாகாமல் போய்ச் சேர்ந்தது. பதிவாகிறது என்பதால் இருவரும் மரியாதைப் பன்மையில் திட்டிக்கொண்டார்கள்.

"மச்சான், சௌக்கியமா?"

"இந்த ஃபோன் அடிக்கிற வரைக்கும் சௌக்கியமாத்தான் இருந்தேன். சொல்லுங்க மாப்பிள்ளை."

"மீன் சந்தையில கொஞ்சம் பேருக்கு வாந்தி. கிடங்குத் தெருவுல ஒரு நாய் ஒரு மாதிரி நடக்குதாம்."

"ஒரு மாதிரின்னா?"

"நீங்க மேடைக்கு ஏறும்போது நடப்பீங்களே, அந்த மாதிரி."

கோட்டையார் பல்லைக் கடித்தார். பல்லைக் கடிப்பது பதிவாகாது.

"ஆய்வகம் உறுதி பண்ணிச்சா?"

"இல்ல. உறுதியானப்புறம் சொல்றதுக்கு ஃபோன் எதுக்கு மச்சான்? இரங்கல் செய்தி அனுப்பினாப் போதுமே."

"நாய் நடந்துச்சு, கோழி தும்முச்சு, யாரோ யார்கிட்டயோ சொன்னாங்க. நீங்க படிச்சது மருத்துவமா, மளிகைக்கடை வாசல் பேச்சா? இங்க நான் அரசாங்க வேலை பார்த்துட்டு இருக்கேன். உறுதியானதை மட்டும் பேசுங்க."

"சரி, உங்க பக்கம் என்ன?"

"ஒண்ணுமில்லை."

"உறுதியா?"

"எங்க பக்கம் ஒண்ணுமில்லைங்கறதுக்கு ஆய்வகம் வேண்டாம். நான் போதும்."

ஃபோனை வைத்துவிட்டு, "ஒலிபெருக்கி ஓய்ஞ்சுது," என்பார். ஒலிபெருக்கி என்பது மாப்பிள்ளைக்கு அவர் வைத்த பெயர். எதிரே உட்கார்ந்திருக்கும் சுகாதார ஆய்வாளர் தலையாட்டுவார். ஆய்வாளரின் முகம் வெள்ளையடித்த சுவர் போன்றது. அதில் எதையும் படிக்க முடியாது என்பதாலேயே அந்த அலுவலகத்தில் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தார்.

'ஒண்ணுமில்லை' என்று தொடர்ந்து சொன்னதற்காகத் தலைநகரிலிருந்து கோட்டையாருக்கு ஒரு கேடயம் வந்திருந்தது. கண்ணாடி அலமாரியில் தனியாக நின்றது. பாலத்தின் இக்கரை முனையில், அக்கரையிலிருந்து வருகிற ஒவ்வொருவரின் நெற்றியிலும் வெப்பமானியைக் காட்டிச் சூடு பார்க்க ஆள் போட்டிருந்தார். இக்கரையிலிருந்து போகிறவர்களின் நெற்றியை யாரும் பார்க்கவில்லை. கோட்டைக்குள்ளிருந்து வெளியே போகிற நெற்றியில் என்ன இருக்கப்போகிறது?

குளிர் தொடங்கிய சமயம், ஆய்வாளர் வெளியே போய்விட்டு வந்து, உட்காராமலே நின்றார்.

"ஆரம்பப் பள்ளியில சின்ன வகுப்புப் பசங்களுக்கு லேசாக் காய்ச்சல் சார். முகத்துல ஆரம்பிச்சு உடம்பெல்லாம் செம்புள்ளி."

"வேர்க்குரு."

"குளிர்காலம் சார்."

"ஸ்வெட்டர் போட்டு அனுப்புவாங்க. உள்ளுக்குள்ள வேர்த்திருக்கும்."

"காதுக்குப் பின்னால நெறி கட்டியிருக்கு சார்."

"டீச்சர் காதைத் திருகியிருப்பாங்க."

ஆய்வாளர் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்தது முகத்தில் தெரியவில்லை. "ரூபெல்லாவா இருக்குமோன்னு ஒரு எண்ணம் சார். ரெண்டு மூணு பேருக்கு ரத்தம் எடுத்துத் தலைநகர் ஆய்வகத்துக்கு அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டீங்க இல்ல? அப்ப அவங்க சொல்லட்டும். அவங்க சொல்ற வரைக்கும் அது வேர்க்குரு. பள்ளிக்கூடத்துல சொல்லிடுங்க, பவுடர் போடச் சொல்லுங்க."

"அக்கரைக்கு ஒரு வார்த்தை போட்டு வைக்கலாமா சார்? டீச்சருங்க பாதிப் பேர் அங்கேர்ந்துதான் வேன்ல வர்றாங்க. பசங்களுக்கு இது ஒண்ணும் பண்ணாது, வந்து போயிடும். ஆனா மாசமா இருக்கற பொம்பளைங்களுக்கு வந்தா, வயித்துல இருக்கற குழந்தைக்கு..."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க. கண்ணு, காது, இதயம், எல்லாம் தெரியும். எதைச் சொல்லச் சொல்றீங்க? எங்க பசங்களுக்குக் குளிர்ல வேர்க்குதுன்னா? அந்த ஆளு அதை வச்சு என் தங்கச்சி கல்யாணத்துத் தண்ணி வரைக்கும் போவான். உறுதியாகட்டும்."

அன்று மதியம் சிவப்பு ஃபோனில் மாப்பிள்ளை வழக்கம்போலக் கேட்டார். கோட்டையார் வழக்கத்தைவிட உரக்க, "ஒண்ணுமே இல்லை," என்றார். அந்த 'மே' புதிது. மறுமுனைக்கும் அது கேட்டது. மாப்பிள்ளையும் தொழில் தெரிந்தவர்தான். ஆனால் மச்சானின் ஏகாரத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாது.

நாட்கள் போயின. ஆய்வகம் வாய் திறக்கவில்லை. பள்ளியில் வேர்க்குரு வகுப்பு வகுப்பாகத் தேர்ச்சி பெற்று மேலே போனது.

அந்தப் பள்ளியில்தான் கோட்டையாரின் தங்கை மகள் டீச்சர். அக்கரையில் வீடு, இக்கரையில் வேலை. தினமும் காலையில் வேனில் பாலம் தாண்டி வருவாள். பள்ளி விட்டு வேன் கிளம்பும் வரை, சில நாள் மாமாவின் அலுவலகத்தில் வந்து உட்காருவாள். அவளுக்கென்று அங்கே ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. ஒரு தடவை தலைநகரிலிருந்து வந்த மேலதிகாரி தெரியாமல் அதில் உட்கார்ந்தபோது கோட்டையார், "கால் ஆடும் சார், விழுந்துடுவீங்க," என்று எழுப்பிவிட்டார். பகை உச்சத்தில் இருந்த காலத்திலும் இந்தப் பெண்ணுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அதுவும் பாலத்தின் நடுக்கோடு வரைக்கும். அதற்கப்பால் அவள் அப்பா பிடித்துக்கொண்டார். அவள் கல்யாணத்துக்கு இரு வீட்டாரும் தங்கள் தங்கள் தண்ணீரைத் தனித்தனி லாரியில் கொண்டுவந்தார்கள். யாருக்கும் வயிற்றால் போகவில்லை. இருவருக்கும் அதில் ஏமாற்றம்தான்.

அன்று சாயங்காலம் அவள் வந்தபோது, தரையைப் பினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள். வாசலில் நின்று மூக்கை மூடினாள். அடுத்த நொடி, மூலையில் இருந்த கை கழுவும் தொட்டிக்கு ஓடினாள்.

கோட்டையார் பின்னாலேயே போய் நின்றார். "என்ன சாப்பிட்ட? அந்தப் பக்கத்துத் தண்ணியக் குடிக்காத, காய்ச்சிக் குடின்னு எத்தனை தடவை சொல்றது?"

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்தாள். "தண்ணி இல்ல மாமா."

"பின்ன என்ன, ஐஸா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். வைத்த விதம் புதிதாக இருந்தது. பையை யாரோ பறித்துக்கொள்வார்கள் என்பது போல, இரண்டு கையாலும். கோட்டையார் அதைப் பார்த்தார். ஆயிரம் பேருக்கு நாடி பார்த்தவருக்கு இதற்கு ஆய்வகம் தேவைப்படவில்லை.

"என்கிட்ட யாரும் சொல்லல."

"உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அப்பாதான். கோவிச்சுக்காதீங்க மாமா. ஏற்கெனவே ரெண்டு தடவை எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, அப்புறம் கலைஞ்சு போய், எல்லாரும் வந்து துக்கம் விசாரிச்சு... இந்தத் தடவை கொஞ்சம் போகட்டும், நல்லா உறுதியாகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னாரு."

நாய் நடந்ததை எல்லாம் நாடு கடந்து அறிவிக்கிற மனிதன், இந்த ஒன்றை உறுதியாகும்வரை வாயைக் கட்டி வைத்திருந்தான். கோட்டையாருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வாய் அதற்கு அசைந்ததுகூட. பாதியில் நின்றது.

"நீ எந்த வகுப்பு எடுக்கற இப்ப?"

"சின்னப் பிள்ளைங்கதான். எறும்பு மாதிரி மேலயே ஏறும். இப்பப் பாவம், எல்லாத்துக்கும் வேர்க்குரு." அவள் கைகளை விரித்துக் காட்டினாள். நக ஓரங்களில் வெள்ளை ஒட்டியிருந்தது. "உங்க ஆபீஸ்லேர்ந்து வந்து பவுடர் போடச் சொன்னாங்களாம். ஆயா லீவு. நான்தான் ஒவ்வொண்ணா சட்டையைக் கழட்டிப் போட்டு விட்டுக்கிட்டு இருக்கேன். இத்தனை நாளா இதே வேலை."

கோட்டையார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மீண்டும் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"போய்க் கையைக் கழுவு."

"இப்பத்தானே கழுவினேன்."

"சோப்புப் போட்டுக் கழுவு."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்க் கழுவினாள். கழுவுவதால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு அதிகாரி ஏதாவது உத்தரவு போட வேண்டும்.

"நாளையிலேர்ந்து லீவு போட்டுடு."

"எதுக்கு?"

"மாமா சொல்றேன்ல."

"மாமா சொன்னாருன்னு எழுதிக் குடுத்தா ஹெட்மாஸ்டர் லீவு குடுக்க மாட்டாரு. காரணம் என்ன மாமா?"

ஆய்வாளர் மூலை மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேனா நின்றது. தலை நிமிரவில்லை.

"உனக்குச் சின்ன வயசுல ரூபெல்லா ஊசி போட்டாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவைத்தான் கேட்கணும்." பிறகு அவள் முகம் மெல்ல மாறியது. டாக்டர் வீட்டுப் பெண். அந்தப் பெயர் எதற்காக எந்தப் பெண்களிடம் சொல்லப்படும் என்று தெரிந்தவள். "மாமா. அது வேர்க்குருதானே?"

"இல்லாம இருக்கலாம்."

"நீங்கதானே சொன்னீங்க."

"ரிசல்ட் வரல."

"வராமத்தானே வேர்க்குருன்னு சொன்னீங்க?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு, அவை தன்னுடையவை இல்லை என்பது போல, உடம்பை விட்டுச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"உன்னை மாதிரி இன்னும் யாராவது இருக்காங்களா, வேன்ல?" என்று அவர் கேட்டார். "வயித்துல..."

"என் பக்கத்து சீட்டு டீச்சர். புதுசாக் கல்யாணம் ஆனவ. கொஞ்ச நாளா டீசல் வாசனை வந்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்குறா. அவ சொல்லல, நான் கேட்கல." அவள் எழுந்தாள். "உறுதியாத் தெரியாது மாமா."

அந்தச் சொல்லை அவள் குத்திக்காட்டச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. வழக்கமாக 'போயிட்டு வரேன் மாமா' என்பாள். அன்று போனாள்.

ஜன்னலிலிருந்து வேன் தெரிந்தது. டீச்சர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு ஏறினார்கள். டிபன் பாத்திரங்கள் மோதிக்கொண்டன. யாரோ எதற்கோ சிரித்தார்கள். வேன் பாலத்தில் ஏறி, வெப்பமானியோடு நின்ற ஆளைத் தாண்டியது. அவன் எதிர்ப்பக்கத்து வரிசையைப் பார்த்து நின்றிருந்தான். போகிறவர்களைப் பார்ப்பது அவன் வேலை இல்லை. அப்படித்தான் அவனுக்கு உத்தரவு.

கோட்டையார் முதலில் சொந்த செல்ஃபோனைத்தான் எடுத்தார். தங்கையின் எண்ணைத் தேடினார். அவளிடம் சொன்னால் போதும். மகளை வீட்டில் வைத்துக்கொள்வாள், ரத்தம் பார்ப்பாள், அண்ணனுக்காகப் புருஷனிடம் பொய்யும் சொல்வாள். எங்கும் பதிவாகாது. கேடயம் அலமாரியிலேயே இருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற டீச்சர் மட்டும் நாளை காலையில் இவளுக்குப் பதிலாகப் பவுடர் டப்பாவைக் கையில் எடுப்பாள்.

செல்ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"ஆய்வாளரே, ஒரு டீ வாங்கிட்டு வாங்க."

"பையனை அனுப்பட்டுமா சார்?"

"நீங்க போங்க. மெதுவாப் போங்க."

ஆய்வாளர் போனார். கதவைச் சாத்திக்கொண்டு போனார், யாரும் சொல்லாமலே.

சிவப்பு ஃபோன் இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

"மச்சான்? என்ன இந்த நேரத்துல? மத்தியானம் 'ஒண்ணுமில்லை' சொல்லிட்டீங்களே. இன்னொரு ஒண்ணுமில்லை பாக்கி இருக்கா?"

"ஒரு சேதி சொல்லணும்."

"உறுதியானதா?"

"இல்ல."

"ஆய்வகம்?"

"வரல."

"அப்ப எப்படி மச்சான்? அரசாங்க ஃபோன் இது. மளிகைக்கடை வாசல்ல நின்னு பேசறதை எல்லாம் இதுல பேசலாமா?" குரலில் நெய் வழிந்தது. இத்தனை வருஷம் காத்திருந்த மனிதனின் குரல். "வதந்தியா?"

கோட்டையார் அலமாரியைப் பார்த்தார். கேடயத்தில் அவர் முகம் சப்பையாகத் தெரிந்தது.

"வதந்திதான். எழுதிக்கோங்க. எங்க பக்கம் ஆரம்பப் பள்ளியில செம்புள்ளி, லேசான காய்ச்சல், காதுக்குப் பின்னால நெறி. நாளாச்சு. வகுப்பு வகுப்பாப் பரவியிருக்கு. ரூபெல்லாவா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

மறுமுனையில் பேனா உரசுவது கேட்டது. பிறகு நின்றது.

"நாளாச்சுன்னா?"

"நாளாச்சு."

"நான் தினமும் கேட்டேன்."

"கேட்டீங்க."

"வேர்க்குருன்னு பவுடர் போட்டுக்கிட்டு இருந்தா என் பொண்ணு. எவன்யா வேர்க்குருன்னு சொன்னது?"

'யா' பதிவானது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அந்தத் தொலைபேசியில் உடைந்த முதல் மரியாதை அதுதான்.

"நான்தான்."

நெடுநேரம் சத்தமில்லை. கோட்டையார் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்த மௌனத்தில் வந்து விழுந்த ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டார்.

"பாப்பாவுக்கு இன்னிக்கே ரத்தம் எடுங்க மாப்பிள்ளை. எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாருங்க. அவ பக்கத்து சீட்டு டீச்சரும் மாசமா இருக்கலாம், அதுவும் உறுதியில்ல. அவங்களுக்கும் எடுங்க. நாளைக்கு வேனைப் பாலம் ஏற விடாதீங்க. நானும் இங்க பள்ளிக்கூடத்தை மூடறேன்."

"பாப்பா விஷயம் உங்களுக்கு யார் சொன்னா?"

"உறுதியாகாத சேதிதான். காத்துவாக்குல வந்துச்சு."

"இது உங்க வாயிலேர்ந்து வந்துச்சுன்னு பதிவாகுது, தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்குத்தான் இந்த ஃபோன்ல பேசறேன்."

மாப்பிள்ளை ஃபோனை வைத்தார். வைத்த விதத்தில் கருவிக்கு ஏதாவது ஆகியிருக்கும்.

அடுத்து வந்த நாட்களில் கோட்டையார் வீட்டில் சாப்பிட்டாரா என்பது அவர் மனைவிக்கே சரியாகத் தெரியாது. மதிய நேரத்தில் சிவப்பு ஃபோன் அடித்தது. மாப்பிள்ளை ஊரில் எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தார்கள் என்று ஒப்பித்தார், பெயர் சொல்லாமல். கோட்டையாரும் கேட்கவில்லை. கேட்கிற உரிமையை அவர் பவுடர் டப்பாவில் போட்டு மூடியிருந்தார்.

ஒரு மதியம் மாப்பிள்ளை சொன்னார்: "என் பொண்ணுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கு. சின்ன வயசுல போட்ட ஊசி வேலை செய்யுது. எங்க பக்கத்து ஊசி."

கோட்டையார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளையாகக் கோபமும், அதுவரை எட்டிப்பார்க்காத ஒரு ஞாபகமும் உடனே வந்து தாங்கிப் பிடித்தன. "அது எங்க பக்கத்து முகாம்ல போட்டது. நான்தான் சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

"கனவு கண்டிருப்பீங்க."

"என் தங்கச்சியைக் கேளுங்க."

"கேட்டேன். அவளுக்கு ஞாபகமில்லையாம். நாம சண்டை போட்டதுதான் ஞாபகமிருக்காம்."

"பக்கத்து சீட்டு டீச்சர்?"

நெய் வழியாத குரலில் பதில் வந்தது. "மாசமாத்தான் இருக்கா. அவளுக்கு எதிர்ப்பு சக்தி இல்ல. தொற்றும் இல்ல, இது வரைக்கும். மறுபடி பார்க்கணும். அவளை வீட்டுல வச்சிருக்கோம்." பிறகு, "அவ சின்ன வகுப்புப் பக்கமே போகலையாம். நீங்க ஃபோன் பண்ணின அடுத்த நாள்லேர்ந்துதான் பவுடர் முறை அவளுக்கு மாறியிருக்கும்," என்றார். இதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வராது என்று கோட்டையாருக்குத் தெரியும். அவரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த டீச்சருக்கு மறுபடி பார்த்தபோதும் ஒன்றுமில்லை. அந்த ஒண்ணுமில்லையை ஆய்வகம் சொன்னது.

தலைநகர் ஆய்வகத்தின் கடிதமும் ஒருவழியாக வந்தது. ரூபெல்லா உறுதி என்றது. அதற்குள் பிள்ளைகள் குணமாகி, தெருவில் பந்து விளையாடி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருந்தார்கள். கேடயத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி இன்னொரு கடிதம் வந்தது. அது வெகு வேகமாக வந்தது. பாலத்தின் மறுமுனையில் மாப்பிள்ளையும் வெப்பமானியோடு ஒரு ஆளை நிறுத்திவிட்டார். இக்கரையிலிருந்து போகிற எல்லா நெற்றிக்கும் சூடு பார்த்தார்கள். தங்கையைப் பார்க்கப் போன கோட்டையாரை வரிசையில் நிற்க வைத்து, இரண்டு தடவை பார்த்தார்கள். இரண்டாவது தடவை மேலிடத்து உத்தரவு என்றார்கள்.

"கோட்டைக்கு வெள்ளையடிச்சாச்சா மச்சான்?" என்று மாப்பிள்ளை ஃபோனில் கேட்டார்.

"உங்க கிடங்குத் தெரு நாய் நேரா நடக்குதா மாப்பிள்ளை?" என்று கோட்டையார் கேட்டார்.

பகையில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பிரம்பு நாற்காலி வெகுநாள் காலியாக இருந்தது. பள்ளி திறந்து சில வாரம் கழித்து அவள் வந்தாள். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாமாவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, வேன் ஹார்ன் அடித்ததும் எழுந்து போனாள். அன்றிலிருந்து அலுவலகத்தில் பினாயில் போட்டுத் துடைப்பது நின்றது. காரணம் கேட்ட துப்புரவுப் பணியாளரிடம், "நாட்டுல தட்டுப்பாடு," என்றார் கோட்டையார்.

பிறகு ஒரு நாள் மதியம், ஃபோன் அடிக்கும் நேரத்துக்கு வெகு முன்னாலேயே, கோட்டையார் ஆய்வாளரை டீ வாங்க அனுப்பினார். மெதுவாகப் போகச் சொன்னார். ஆய்வாளர் சொன்னபடியே போய், சொன்னதைவிடக் கொஞ்சம் சீக்கிரம் திரும்பிவிட்டார். கதவுக்கு வெளியே, கையில் டம்ளரோடு நின்றார். உள்ளே குரல் தாழ்வாகக் கேட்டது.

"...பஸ் டிப்போவுல ரெண்டு கண்டக்டருக்கு இருமல். இல்ல, யாரும் பார்க்கல. டிக்கெட் குடுக்கறப்ப நானே கேட்டேன்... பெரிய தெரு மருந்துக்கடையில காய்ச்சல் மாத்திரை கொஞ்சம் ஜாஸ்தி போகுதாம், கடைக்காரர் சொன்னாரு... உறுதியா? உறுதியெல்லாம் இல்ல மாப்பிள்ளை. அப்புறம் ஒரு கோழி. ஒரு மாதிரி நிக்குது... ஒரு மாதிரின்னா ஒரு மாதிரிதான், நீங்க எழுதுங்க."

ஆய்வாளர் கதவைத் தட்டவில்லை. டீயில் ஆடை படியும் வரை அங்கேயே நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.